மொழியும் மதமும் பின்னிய சண்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

இலங்கைச் சிக்கலை வெறும் மொழிச் சண்டை என்பது பாதி உண்மைதான். 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி ஆனது. 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. சரி, அது சிங்களவர் பக்கம். 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களுக்குத் தாய்மொழி தமிழ்தானே? மதத்தையே தங்கள் இனமாகக் கருதுபவர்கள் என்பதால் அந்நியராகிவிட்டார்கள். இதை நாம் இங்கே பேசாமல் இருப்பது எனக்கு வலிக்கிறது.

எங்கள் ஐயா கொழும்புக்குக் கொண்டுவிற்கப் போனவர். செட்டியார் தெருக் கிட்டங்கியில், அதாவது வணிகக் கூடத்தில், அவர் எழுதிய கணக்கேடு இன்னும் பெட்டகத்தில் இருக்கிறது. மேலே பிள்ளையார் சுழி. கீழே சிங்களவர், முஸ்லிம், தமிழ்க் கிறிஸ்தவர் பற்றுவரவெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக, அவர் கையெழுத்தில்.

ஒரு வாசகர், காரைக்குடி