கோல்காப்பாளர்களையும் பயிற்றுநர் ஆக்குங்கள்

மலையகத்துக் கால்பந்தாட்ட லீக்குகளின் நிர்வாகிகளுக்கும், தோட்டக் கழகங்களின் தலைவர், செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

பயிற்றுநர் பயிற்சிக்கு ஆள் அனுப்பச் சொல்லிக் கடிதம் வரும்போதெல்லாம் நம் கழகங்களில் நடப்பது ஒன்றுதான். அதிக கோல் போட்டவர் யார், ஊரில் யாருக்குப் பெயர் இருக்கிறது என்று பார்த்து அவரை அனுப்பிவைக்கிறோம். கோல்காப்பாளரின் பெயரை யாரும் எடுப்பதில்லை. பல ஆண்டுகள் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர், உடம்பு ஒத்துழைக்காத காலம் வந்ததும் வீட்டோடு இருந்துவிடுகிறார். அவர் கற்றதெல்லாம் அவரோடு போய்விடுகிறது. இதை மாற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

இத்தாலியின் கோல்காப்பாளர் டீனோ ஸொஃப்பை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1942இல் அந்நாட்டின் வடகிழக்கில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் இன்டர் மிலானுக்கும் ஜுவென்டஸுக்கும் தேர்வுக்குப் போனார். உயரம் போதாது என்று இரண்டு கழகங்களும் திருப்பி அனுப்பிவிட்டன. மெக்கானிக் வேலை பழகிக்கொண்டே ஊர் மைதானத்தில் ஆடினார். பேரன் வளரவேண்டும் என்று பாட்டி முட்டையாகக் கொடுத்து ஊட்டி வளர்த்த கதையை இத்தாலியில் இன்றும் சொல்கிறார்கள். உயரமும் கூடியது. 1961இல் உதினேஸே கழகம் அவரை முதற்பிரிவில் இறக்கியது. முதல் ஆட்டத்திலேயே ஃபியோரென்டினா அவருக்கு ஐந்து கோல் போட்டது. பிறகு மந்தோவா, நாப்போலி என்று ஆடி, 1972இல், ஒருமுறை தம்மை வேண்டாம் என்ற அதே ஜுவென்டஸுக்கு வந்து சேர்ந்தார். பதினொரு ஆண்டுகள் அங்கே ஆடி ஆறு முறை லீக் கிண்ணம் வென்றார்.

உயரம் என்ற இடத்தில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளவில் 17 வீதம். தோட்டப்புறத்திலோ கிட்டத்தட்ட 32 வீதம். இது பிள்ளைகளின் குறையன்று. தலைமுறை தலைமுறையாகச் சாப்பாட்டில் ஏற்பட்ட குறை. அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பதின்மூன்று, பதினான்கு வயதில் கம்பத்தின் பக்கத்தில் நிறுத்தி, இவன் குள்ளம், கோலுக்கு ஆகமாட்டான் என்று நாமே முடிவுகட்டுகிறோம். அந்த வயதில் ஸொஃப்பும் தேறவில்லை. ஒரு பிள்ளை எங்கே நிற்கிறான், எப்போது காலடி எடுத்து முன்னே வருகிறான், பந்தைப் பிடிக்கும்போது கை எப்படிக் குவிகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர் வேண்டும். அது அந்த இடத்தில் நின்று ஆடியவருக்குத்தான் எளிதில் தெரியும். பிள்ளைகளுக்குப் பயிற்சி நாளில் முட்டையும் பாலும் கொடுக்கக் கழகங்கள் தோட்ட நிர்வாகத்தைக் கேட்டால் தவறில்லை, கேளுங்கள்.

நம் மைதானங்களை நீங்கள் அறிவீர்கள். மலையை வெட்டி எடுத்த சமதரை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளத்தில் தேயிலை. மழைக்காலத்தில் கோல் கம்பங்களுக்கு நடுவே புல் அற்றுப்போய், கால் பதிந்த குழியில் தண்ணீர் நிற்கும். பனிமூட்டம் இறங்கினால் நடுக்கோடே தெரியாது. அப்போது ஒரு நல்ல கோல்காப்பாளர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் போய் நின்று பாருங்கள். நான் பின்களத்தில் ஆடிய காலமெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டே ஆடியவன். பந்து எதிர்ப்பக்கத்தில் இருக்கும்போதே அவர் வாய் ஓயாது. வலப்பக்கம் ஒருவன் தனியே நிற்கிறான் என்பார். எல்லோரும் மேலே ஏறுங்கள் என்பார். களைத்துப்போனவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இரண்டடி உள்ளே வரச் சொல்வார். எதிரணிக்கு ஃப்ரீ கிக் கிடைத்துவிட்டால் ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடி, மறுகையால் சைகை காட்டி, பந்தை மறிக்கச் சுவராக நிற்கும் நம்மை அங்குலம் அங்குலமாக நகர்த்துவார். நனைந்து கனத்த பந்தைப் பிடிப்பதா, குத்தி வெளியே தள்ளுவதா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்மானிப்பார். மற்ற பத்துப் பேரும் முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாமல் ஆடுகிறோம். இருபத்தொரு பேரையும் முகத்துக்கு நேரே வைத்து ஆடுகிறவர் அவர் ஒருவர்தான். பயிற்றுநர் வேலையில் பாதியை அவர் ஆட்டத்துக்குள்ளேயே செய்துகொண்டிருக்கிறார்.

ஸொஃப் அதை முழுவேலையாகவும் செய்து காட்டினார். சர்வதேச ஆட்டங்களில் 1,142 நிமிடங்கள் ஒரு கோலும் விடாமல் காத்தவர். 1974 உலகக் கிண்ணத்தில் ஹெயிட்டியின் இம்மானுவேல் சனோன்தான் அதை முறித்தார். 1978 உலகக் கிண்ணத்தில் தொலைவிலிருந்து அடித்த பந்துகளை விட்டுவிட்டார் என்று நாடே ஏசியது. வயது முப்பத்தாறு, இனி போதும் என்றார்கள். அவர் போகவில்லை. 1982இல் பிரேசிலுடனான ஆட்டத்தில், 3க்கு 2 என்று இத்தாலி முன்னணியில் இருந்த கடைசி நிமிடங்களில், ஒஸ்கார் தலையால் முட்டிய பந்தைக் கோல் கோட்டின்மேல் விழுந்து அமுக்கிப் பிடித்தார். அந்த ஆண்டு அணித்தலைவராக உலகக் கிண்ணத்தை ஏந்தியபோது அவருக்கு வயது நாற்பது.

ஆட்டத்தை விட்டபின் பயிற்றுநரானார். 1990இல் அவர் கையில் ஜுவென்டஸ் இத்தாலியக் கிண்ணத்தையும் யூஈஎஃப்ஏ கிண்ணத்தையும் ஒரே பருவத்தில் வென்றது. அப்படியிருந்தும் அந்தப் பருவத்தோடு அவரை அனுப்பிவிட்டார்கள். 2000இல் தேசிய அணியை ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் வரை கொண்டுபோனார். பிரான்ஸ் ஆட்டம் முடியும் தறுவாயில் சமன் செய்து, மேலதிக நேரத்தில் முதல் கோல் போடும் அணியே வெல்லும் என்ற அன்றைய ‘தங்க கோல்’ விதிப்படி வென்றது. அரசியல்வாதியான சில்வியோ பெர்லுஸ்கோனி வெளிப்படையாகக் குறைசொல்ல, ஸொஃப் பதவியைத் துறந்தார். ஒரு தோல்விக்காகப் பயிற்றுநரை மாற்றும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. ஒரு பருவமாவது பொறுங்கள்.

கோலுக்குள் நிற்பவருக்குத் தாக்குதல் ஆட்டம் என்ன தெரியும் என்று கூட்டங்களில் கேட்பார்கள். 1993இல் மார்செய் அணிக்கு ஐரோப்பிய சம்பியன் கிண்ணத்தை வென்றுகொடுத்த ரேமொன் கோதால்ஸ் பெல்ஜியத்தில் கோல்காப்பாளராக ஆடியவர். 2020இல் செவில்லாவுக்கு யூரோப்பா லீக்கை வென்றுகொடுத்த லொபெதெகியும் அப்படியே. எதிரணியின் தாக்குதலை ஆயுள் முழுதும் முன்கூட்டியே படித்தவருக்குத் தன் அணியின் தாக்குதலை அமைக்கத் தெரியாமல் போகாது.

கேட்பது பெரிதொன்றுமில்லை. அடுத்த பயிற்சிக்கு அனுப்பும் பெயர்களில் ஒவ்வொரு லீக்கிலிருந்தும் ஒரு கோல்காப்பாளராவது இருக்கட்டும். ஆசியக் கால்பந்தாட்டக் கூட்டமைப்பு கோல்காப்பாளர் பயிற்றுநர்களுக்கென்றே தனிச் சான்றிதழ் வைத்திருக்கிறது. அந்த வகுப்பை மலையகத்துக்குக் கொண்டுவர, தமிழில் நடத்தித் தர, லீக்குகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எழுதுங்கள். வேலை நாளில் வகுப்பு வைத்தால் தோட்டத்தில் வேலை செய்பவருக்கு அன்றைய பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். அதனால் ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள், அல்லது அந்த நாட்சம்பளத்தைக் கழகம் ஈடுசெய்யட்டும். ஒரு சோடி நல்ல கையுறை வாங்கும்போது, பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் கைக்கு ஏற்ற சிறிய அளவிலும் ஒன்று வாங்குங்கள்.

அடுத்த பருவத்துக்கு வீரர் பதிவு தொடங்குமுன் நீங்கள் கூடும்போது இதை முதல் விடயமாக எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கோயா பக்கத்துக் கழகங்களிலிருந்து அனுப்பத் தகுந்த கோல்காப்பாளர்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். கேட்ட அன்றே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
தோட்டக் கழகமொன்றின் முன்னாள் பின்கள வீரன்,
டிக்கோயா