அம்மா ஏன் தண்ணீர் குடிப்பதில்லை: தம்பிக்கு ஒரு கடிதம்

தம்பிக்கு,

அம்மாவுக்காக நீ ஆன்லைனில் போட்ட பாட்டில் வந்து சேர்ந்தது. இரண்டு லிட்டர், பக்கவாட்டில் மணிவாரியாகக் கோடு. கையில் வாங்கிப் பார்த்தாள், "நல்ல கனமா இருக்கே" என்றாள், அலமாரியில் வைத்துவிட்டாள். தினம் ராத்திரி நீ போன் போட்டு "எத்தனை டம்ளர் குடிச்சே?" என்று கேட்கிறாய், அவளும் எட்டு என்கிறாள். எட்டெல்லாம் இல்லைடா. மூன்று தேறினால் அதிகம்.

ஞாபகப்படுத்தினால் குடித்துவிடுவாள் என்று நீ நினைக்கிறாய். அவளுக்கு மறதி ஒன்றும் கிடையாது. பால்காரருக்குப் போன மாதம் கொடுத்த சில்லறை வரை சொல்வாள். தெரிந்தேதான் குடிக்காமல் இருக்கிறாள்.

"தாகமே எடுக்கலடா" என்று உன்னிடம் சொல்வது பாதி நிஜம். வயதாக ஆகத் தாகம் மங்கிவிடும். 1984-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களையும் இளைஞர்களையும் 24 மணி நேரம் தண்ணீர் இல்லாமல் வைத்துப் பார்த்தார்கள். முதியவர்களுக்குத் தாகம் குறைவாகவே எடுத்தது, பிறகு தண்ணீர் கொடுத்தபோதும் அவர்கள் குறைவாகத்தான் குடித்தார்கள். அந்த வயதில் சிறுநீரகத்துக்கும் நீரைப் பிடித்து வைக்கும் திறன் குறைந்திருக்கும். தாகம் எடுத்தால் குடித்துக்கொள்வாள் என்று விட்டுவிட முடியாது.

மீதிப் பாதியை உன்னிடம் சொல்ல அவளுக்குக் கூச்சம். நம் வீட்டுக் கக்கூஸ் புறவாசலில் இருக்கிறது. இரண்டு படி இறங்க வேண்டும். தரை எப்போதும் ஈரம். குத்தவைத்து உட்கார்ந்தால், எழுவதற்கு அந்த முழங்காலோடு குழாயைப் பிடித்துத் தொங்க வேண்டும். ராத்திரி மூன்று முறை இந்தப் பயணம் என்றால் நீயும் நானும்கூடத் தண்ணீரைக் குறைத்துக்கொள்வோம். அவள் வயதுப் பெண்களுக்கு இது சின்ன வயதுப் பழக்கம் வேறு. பஸ் ஏறினாலும், கல்யாண மண்டபம் போனாலும், வயல் வேலைக்குப் போனாலும் ஒதுங்க இடம் இருக்காது என்று காலையிலிருந்தே வாயைக் கட்டிக்கொண்டு பழகியவர்கள். எங்கள் ஆஸ்பத்திரி வார்டுக்கு வரும் பாட்டிமார் பலரும் இதையேதான் மெதுவாகக் காதோடு சொல்கிறார்கள். அருகில் மகன் நின்றால் அதையும் சொல்வதில்லை.

ஆகவே முதல் செலவு கக்கூஸுக்குத்தான். வெஸ்டர்ன் வைத்து, பக்கச் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி, படிக்கு ஒரு கைப்பிடி, போகிற வழி நெடுக ஒரு சின்ன விளக்கு. வேலை முடிகிற வரைக்கும் சர்ஜிக்கல் கடையில் கமோடு நாற்காலி வாங்கி ராத்திரிக்குக் கட்டில் பக்கத்தில் போட்டுவிடலாம். "அசிங்கம்" என்று முதலில் மறுப்பாள். மறைப்புக்கு ஒரு திரை கட்டிக் கொடுத்தால் ஒத்துக்கொள்வாள் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

அடுத்தது நேரம். காலையில் எழுந்ததிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்குள் பெரும்பகுதியைக் குடித்து முடித்துவிட்டால் ராத்திரித் தொல்லை குறையும். பகலெல்லாம் காலில் இறங்கி நிற்கும் நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி மூத்திரமாக வெளியேறும். மத்தியானம் ஒரு மணி நேரம் தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் அதில் கொஞ்சம் பகலிலேயே போய்விடும். பிரஷர் மாத்திரையோடு அவள் ஒரு நீர் மாத்திரையும் போடுகிறாள். அதைக் காலையில் போடுகிறாளா, சாயங்காலமா என்று பார்க்கிறேன். மாற்றுவதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுத்தான். ஒண்ணுக்கு அதிகம் போகிறது என்று அவளாகவே நிறுத்திவிடுகிற ஆள்.

இன்னொன்றை நீ கவனித்திருக்க மாட்டாய். டம்ளர் வாயில் படாமல் அண்ணாந்துதான் குடிப்பாள். எச்சில் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவள். கழுத்தை அப்படிப் பின்னால் சாய்த்துக் குடித்தால் இந்த வயதில் சட்டென்று புரையேறும். இரண்டு தடவை புரையேறினால் மூன்றாவது முறை செம்பைத் தொடவே பயம் வரும். அவளுக்கென்று தனி டம்ளர் ஒன்று வைத்து, "இது உனக்கு மட்டும், வாய் வைத்தே குடி" என்று சொல்லிவிட்டேன். சின்ன டம்ளர், பாதிதான் ஊற்றுவது. அடிக்கடி புரையேறினால் விழுங்குவதில் ஏதும் சிக்கலா என்று டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எவ்வளவு குடிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். முதியவர்களுக்கான ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டுதலில் பெண்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர் பானம் என்று இருக்கிறது. நம் ஊர் சித்திரை வெயிலுக்கு இன்னும் கூடத் தேவைப்படும். அத்தனையும் பச்சைத் தண்ணீராக இருக்க வேண்டியதில்லை. காப்பி, டீ, பால், மோர் எல்லாமே கணக்கில் சேரும். காப்பி உடம்பு நீரை வற்றவைக்கும் என்று சொல்லி அவள் காப்பியைப் பிடுங்காதே, ஒரு நாளில் அவள் விரும்பிக் குடிப்பது அது ஒன்றுதான். கஞ்சி, ரசம், வெள்ளரி, நுங்கு, தர்பூசணி எல்லாம் உதவிக்கு வரும். மோரில் உப்பு மட்டும் கம்மி. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. இதய பலவீனம் இருந்தால் குடிக்கும் அளவையே டாக்டர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு மாமாவுக்கு அப்படித்தான் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள், அவருக்கு இந்தக் கடிதத்தைக் காட்டிவிடாதே.

தோலைக் கிள்ளிப் பார்ப்பது, நாக்கு வறண்டிருக்கிறதா என்று பார்ப்பது, மூத்திர நிறம் பார்ப்பது எதையும் முதியவர்கள் விஷயத்தில் நம்ப முடியாது. எழுந்ததும் தலை சுற்றல், வழக்கமில்லாத தூக்கம், சட்டென்று பேச்சில் குழப்பம் இவற்றைக் கவனி. ஒரு நாளில் திடீரெனக் குழம்பினால் வயசாகிவிட்டது என்று விடக் கூடாது. நீர் வற்றியிருக்கலாம், மூத்திரத்தில் கிருமியாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குத்தான். பேதி என்றால் ஓஆர்எஸ் தூளைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். பாதியைக் கொட்டி ஒரு டம்ளரில் கலக்குவது அவள் வழக்கம்.

இனி போனில் டம்ளர் கணக்குக் கேட்காதே. நீ பேசுகிறபோது கையில் ஒரு காப்பியோடு உட்கார்ந்து பேசு, அவளும் ஒன்று எடுத்துக்கொள்வாள். சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிட்டால் தோதாக இருக்கும்.

கொத்தனாரிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து அளவெடுக்கிறார். படிக்குப் பதிலாகச் சரிவு போட்டுவிடலாமா என்று கேட்கிறார், நீயும் யோசித்துச் சொல். அட்வான்ஸுக்குப் பணம் அனுப்பிவை.

அக்கா