தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் டிசம்பர் சுற்றுலாவில் 14 முதல் 20 வரையிலான இருக்கைகளில் வந்த ஏழு பேர் சார்பில்,
ஒரு கல்லூரி மாணவி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
சுற்றுலா நிறுவனம், தங்கசாலைக் கிளை, சென்னை.

நாள்: 08.01.2024

பொருள்: டில்லி, ஜெய்ப்பூர், ஆக்ரா சுற்றுலாவில் காட்டுவதாகச் சொன்ன இடங்களைக் காட்டாதது குறித்து.

ஐயா,

கடந்த டிசம்பர் 22ஆம் தேதி இரவு சென்ட்ரலில் ரயிலேறி, 31ஆம் தேதி காலை வீடு வந்து சேர்ந்தோம். தலைக்கு 16,800 ரூபாய் வீதம் ஏழு பேருக்கு 1,17,600 ரூபாய் கட்டியிருந்தோம். அப்பா, அம்மா, ஆயா, நான், என்னோடு படிக்கும் இரண்டு தோழிகள், அவர்களில் ஒருத்தியின் அம்மா. பெண்பிள்ளைகளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கடைசி நேரத்தில் அவரும் பெயர் கொடுத்தார். பணத்தில் 30,000 ரூபாய் ஆயாவின் சீட்டுப் பணம். எதற்காக அந்தச் சீட்டை எடுத்தார் என்பதைச் சொன்னால்தான் இந்தக் கடிதத்தின் கோபம் உங்களுக்குப் புரியும்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கருப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறது. கல்யாணமான புதிதில் தாத்தாவும் ஆயாவும் வண்ணாரப்பேட்டை ஸ்டூடியோ ஒன்றில் எடுத்துக்கொண்டது. பின்னால் தொங்கும் திரைத்துணியில் தாஜ்மகால் வரைந்திருக்கும். ஒரு மினார் மற்றதைவிடக் குட்டை. துணியின் மடிப்பு குவிமாடத்தின் குறுக்கே ஓடும். நிஜத்தில் ஒருநாள் கூட்டிப்போவதாகத் தாத்தா சொல்லிக்கொண்டே இருந்தாராம். அவர் இப்போது இல்லை. ஆயாவுக்கு 72 வயது. உங்கள் நோட்டீஸில் தாஜ்மகால் படத்தைப் பார்த்ததும் சீட்டை எடுத்துவிட்டார்.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால், எதைப் பற்றி நான் புகார் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ரயில் பல மணி நேரம் தாமதமாக டில்லி போய்ச் சேர்ந்தது. வடக்கே டிசம்பர் கடைசியில் மூடுபனி தண்டவாளத்தை மறைத்துவிடும். அதற்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆயாவுக்குக் கீழ்ப் படுக்கை தருவதாகச் சொல்லி மேல் படுக்கை கொடுத்தீர்கள். எதிரில் இருந்த ஒரு சிப்பாய் மாற்றிக்கொடுத்தார். உங்களோடு வந்த சமையற்கார அண்ணன்மீது எள்ளளவும் குறை கிடையாது. டில்லிக் குளிரில் அவர் கொடுத்த மிளகு ரசத்துக்கு நான் நன்றிக் கடிதம் தனியாக எழுதுவேன். டில்லி விடுதியில் வெந்நீர் மூன்று நாளும் வரவில்லை என்பதைக்கூட ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் புகார் ஒன்றே ஒன்றுதான். பயணத் திட்டம் போட்டவர் கிழமை பார்க்கவில்லை.

டிசம்பர் 25, திங்கட்கிழமை. அன்றைக்குத் திட்டத்தில் இருந்தவை செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம். காலை ஒன்பதரைக்கு மினி பஸ் செங்கோட்டை முன் நின்றது. லாகூர் வாசல் பூட்டிக் கிடந்தது. உங்கள் வழிகாட்டி கொஞ்சமும் அசரவில்லை. ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் கொடியேற்றும் இடம் இதுதான், வெளியிலிருந்து பார்த்தாலே போதும் என்றார். கிறிஸ்துமஸ் என்பதால் மூடிவிட்டார்கள் என்று ஒரு விளக்கமும் சொன்னார். அங்கிருந்து தாமரைக் கோயில்; அங்கும் பூட்டு. அப்போதுதான் என் தோழி வாசல் பலகையைப் படித்தாள். திங்கட்கிழமை விடுமுறை. கைப்பேசியில் தேடினால் செங்கோட்டைக்கும் திங்கள் விடுமுறை, அக்ஷர்தாமுக்கும் திங்கள் விடுமுறை. டில்லியில் திங்களன்றும் திறந்திருக்கும் இடங்கள் எத்தனையோ உண்டு. குதுப்மினார் உண்டு, ஹுமாயூன் கல்லறை உண்டு. மூடியிருக்கும் மூன்றையும் பொறுக்கி ஒரே நாளில் வைப்பது அத்தனை எளிதல்ல. முயன்று செய்தால்கூட ஒன்று தவறிப்போகும்.

பிறகு மதியம் முழுக்கக் கரோல்பாகில் ‘பொருள் வாங்க நேரம்’ கொடுத்தீர்கள். என் இன்னொரு தோழி ராயபுரத்துக்காரி, கிறிஸ்துமஸை வீட்டில் கொண்டாடாமல் எங்களோடு வந்தவள். அவளுக்காக நாங்களே மெட்ரோ பிடித்து, படேல் சௌக்கில் இறங்கி, கோல் டாக்கானா அருகில் இருக்கும் திரு இருதய ஆண்டவர் பேராலயத்துக்குப் போனோம். ஊரே திரண்டிருந்தது. வரிசையில் நின்று உள்ளே போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, வெளியே வேர்க்கடலை வாங்கித் தின்றோம். டில்லியில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான். அதில் உங்கள் பங்கு எதுவும் இல்லை.

ஜெய்ப்பூரில் இரண்டு நாள் நன்றாகவே போனது, மறுக்கமாட்டேன். ஹவா மகாலின் 953 ஜன்னல்களை எண்ண முயன்று அம்மா நாற்பதோடு விட்டுவிட்டார். ஆனால் அங்கே ஜந்தர் மந்தரில் நின்றபோதுதான் எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. 1727இல் அந்த நகரத்தை நிறுவிய இரண்டாம் ஜெய்சிங் கட்டிய கல் கடிகாரம் 27 மீட்டர் உயரம் நிற்கிறது. அதன் நிழல் நகர்வது கண்ணுக்கே தெரிகிறது; இரண்டு விநாடி வரை நுட்பமாக நேரம் காட்டும் என்றார்கள். சுண்ணாம்பையும் கல்லையும் வைத்துக்கொண்டு ஒருவர் விநாடி பார்த்திருக்கிறார். கணினி வைத்திருக்கும் நீங்கள் கிழமை பார்க்கவில்லை.

இனி ஆக்ரா. டிசம்பர் 28, வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜெய்ப்பூரிலிருந்து கிளம்புவதாகத் திட்டம். கிளம்பியது ஒன்பதரை. ஊர் எல்லையில் ஒரு ஜவுளிக் கடையில் இரண்டு மணி நேரம். அப்படியும் மாலை 4.20க்கு ஆக்ராவுக்குள் நுழைந்துவிட்டோம். சூரியன் மறைவதற்கு முக்கால் மணி முன்புவரை தாஜ்மகாலில் டிக்கெட் கொடுப்பார்கள். அன்று மறைவு ஐந்தரையை ஒட்டி. நேரே போயிருந்தால் பார்த்திருக்கலாம். மினி பஸ் ஒரு சலவைக்கல் கடை முன் போய் நின்றது. ஆறு மணிவரை அங்கேதான் இருந்தோம். உள்ளங்கை அளவு தாஜ்மகாலுக்குள் விளக்கு எரியவிட்டுக் காட்டினார்கள். நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்: நாங்கள் கிளம்பும்போது கடைக்காரர் வழிகாட்டியின் கையில் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்தார். தாஜ்மகால் எப்போது என்று அப்பா கேட்டதற்கு, நாளை விடியற்காலை, சூரிய உதயத்தில் பார்ப்பதுதான் அழகு என்று பதில் வந்தது.

நாளை வெள்ளிக்கிழமை. தாஜ்மகால் வாராவாரம் வெள்ளிக்கிழமை பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். அன்று அங்குள்ள மசூதியில் தொழுகைக்கு மட்டுமே அனுமதி. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட இணையத்தில் அரை நிமிடத்தில் கிடைக்கும் தகவல் இது. தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டில் எது உண்மையானாலும் அவர் உங்கள் ஆள்.

அன்று காலை ஐந்து மணிக்கு ஆயா எழுந்து, பல் கிட்டும் குளிரில் தண்ணீரில் தலைக்குக் குளித்தார். கோயிலுக்குப் போவதுபோல. பெட்டியின் அடியில் வைத்திருந்த மாம்பழ நிறப் பட்டுப்புடவையைக் கட்டி, அதன்மேல் அப்பாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டார். பெட்ரோல், டீசல் வண்டிகளைத் தாஜ்மகால் பக்கத்தில் விடமாட்டார்கள் என்பதால் பேட்டரி வண்டிகள் நிற்கும் இடத்தில் இறங்கினோம். வண்டிகள் வரிசையாக நின்றன, ஆட்கள் இல்லை. கம்பளியை முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த ஒரு ஓட்டுநர் எங்களைப் பார்த்துக் கையை விரித்து, “ஷுக்ரவார், பந்த்” என்றார். எங்களில் இந்தி தெரிந்தவர் யாரும் கிடையாது. முதலில் புரிந்துகொண்டவர் ஆயாதான். சுக்கிரவாரம் அவருக்குத் தெரிந்த சொல். பந்த் சென்னையில் யாருக்குத்தான் தெரியாது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பை எடுத்து ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டார்.

அதன்பின் யமுனையின் அக்கரையில் இருக்கும் மேத்தாப் பாக் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், இங்கிருந்து தாஜ்மகால் நன்றாகத் தெரியும் என்றார் வழிகாட்டி. எதிரே வெள்ளை வேட்டியை உதறிப் பிடித்ததுபோல் மூடுபனி. ஆற்றின் தண்ணீரே தெரியவில்லை. நாற்பது நிமிடம் நின்றோம். பிறகு ஆக்ரா கோட்டை. மகன் ஔரங்கசீப்பால் 1658இல் சிறைவைக்கப்பட்ட ஷாஜகான், 1666இல் இறக்கும்வரை அங்கிருந்துதான் தாஜ்மகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். அவருக்காவது எட்டு ஆண்டுகள் கிடைத்தன. எங்களுக்குக் கொடுத்தது 25 நிமிடம். பதினொன்றரை மணிக்குப் பனி கொஞ்சம் விலகி, தூரத்தில் குவிமாடம்போல் ஒன்று தெரிந்தது. மழையில் கரைந்த சுண்ணாம்புத் தீற்றல் மாதிரி. ஆயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, எது என்று என்னைக் கேட்டார். காட்டினேன். தலையாட்டினார். அவர் பார்த்தாரா, எனக்காகத் தலையாட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் மனம் வரவில்லை.

இன்னொன்றும் ஊருக்கு வந்தபின் தெரிந்துகொண்டேன். பௌர்ணமியையும் அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாட்களையும் சேர்த்து ஐந்து இரவுகள் தாஜ்மகாலை நிலவொளியில் பார்க்க அனுமதிக்கிறார்கள், வெள்ளிக்கிழமையும் ரமலான் மாதமும் நீங்கலாக. நாங்கள் ஆக்ராவில் தங்கிய வியாழன் இரவு அந்த ஐந்தில் ஒன்று. முந்தைய நாளே தொல்லியல் துறையிடம் டிக்கெட் வாங்க வேண்டும். அந்தப் பனியில் நிலா தெரிந்திருக்குமா என்பது வேறு விஷயம். ஆனால் நவம்பரிலேயே பணம் வாங்கிய உங்களுக்கு இதை யோசிக்க நேரம் இருந்தது.

ஜனவரி 2ஆம் தேதி தங்கள் கிளைக்குத் தொலைபேசியில் பேசினேன். இரண்டு பதில்கள் கிடைத்தன. முதலாவது, திட்டத்தின் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும் வரி: ‘தவிர்க்க முடியாத காரணங்களால் மாற்றத்துக்கு உட்பட்டது’. ஐயா, டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் வந்து எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. என் தேர்வு தள்ளிப்போய், பயணத்துக்கு முதல் நாள்தான் முடிந்தது. பயணத்தை ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று அப்போது அப்பா கேட்டதற்கு, பாதிப் பணம் போய்விடும் என்றீர்கள். தவிர்க்க முடியாதது என்றால் அதுதான். புயல் எப்போதோ ஒருமுறை வருகிறது. வெள்ளிக்கிழமை வாராவாரம் வருகிறது.

இரண்டாவது பதில், தாஜ்மகால் நுழைவுக் கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம் என்பது. வளாகத்துக்கு 50, கல்லறைக்குள் போக 200, ஆக ஆளுக்கு 250 ரூபாய். ஏழு பேருக்கு 1,750. அதைச் சொன்னவரின் குரலில் பெரிய மனது தெரிந்தது. நாங்கள் 1,17,600 ரூபாய் கட்டியது கோட்டைச் சுவரின் மேலிருந்து எட்டிப் பார்ப்பதற்காக அல்ல.

முழுப் பணத்தையும் நான் கேட்கவில்லை. ரயிலில் கூட்டிப்போனீர்கள், ஜெய்ப்பூர் காட்டினீர்கள், மூன்று வேளையும் சோறு போட்டீர்கள். வீணாய்ப் போன திங்கள், வெள்ளி இரண்டு நாட்களுக்கும் கடைகளில் கழிந்த வியாழக்கிழமைக்கும் சேர்த்துத் தலைக்கு 4,500 வீதம் 31,500 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால், நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு மனுக் கட்டணமும் இல்லை. வழக்கறிஞரும் தேவையில்லை. அடுத்த பருவம் தொடங்கும்வரை எனக்கு நேரமும் இருக்கிறது.

இதை முடித்து உறையில் போடும் நேரத்தில் என் தோழி ஒரு படம் அனுப்பினாள். தண்டையார்பேட்டை மார்க்கெட் அருகில் ஒட்டியிருக்கும் உங்கள் பொங்கல் சுற்றுலா நோட்டீஸ். ஜனவரி 12 புறப்பாடு. ஜனவரி 15, செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம். ஜனவரி 19, சூரிய உதயத்தில் தாஜ்மகால். பழைய தாளில் தேதியை மட்டும் 21 நாள் தள்ளியிருக்கிறீர்கள். ஆகவே கிழமைகள் அப்படியே இருக்கின்றன. எங்கள் பணத்துக்கு 15 நாள் அவகாசம் தருகிறேன். இதற்கு நான்கு நாள்தான் இருக்கிறது. பெயர் கொடுத்தவர்களுக்கு இன்றே சொல்லித் திட்டத்தை மாற்றுங்கள். அந்தப் பஸ்ஸிலும் யாரேனும் ஒரு பாட்டி இருப்பார்.

இப்படிக்கு,
14ஆம் எண் இருக்கை.

இணைப்பு: பணம் கட்டிய ரசீதுகளின் நகல்கள், பயணத் திட்டத்தின் நகல், பூட்டிய வாசல்களின் படங்கள் மூன்று, முன்பணம் கட்டிய அன்று தாங்கள் அன்பளிப்பாகக் கொடுத்த 2024ஆம் ஆண்டு நாட்காட்டி. ஜனவரி 15, 19 தேதிகளைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். நாட்காட்டியின் மேற்பகுதியில் இருந்த தாஜ்மகால் படம் இருக்காது. அதை ஆயா வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார்.