ஐயாயிரம் பெயர்களுக்குள் இருக்கும் உங்களுக்கு: ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய கூட்டாய்வுத் தோழர்களுக்கு, வணக்கம்.

அடிப்படைத் துகள்களுக்கு நிறை தரும் புலத்தின் துகளான ஹிக்ஸ், இரண்டு மியூவான்களாக (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்களாக) சிதைவதைத் தேடும் பணியில் என் முனைவர் பட்ட ஆய்வை அண்மையில் நிறைவு செய்தேன். ஆய்வேட்டின் முகப்பில் ஒரே ஒரு பெயர்தான் அச்சாகியிருக்கிறது. பல்கலைக்கழக விதி அப்படி. ஆனால் அந்த ஏட்டுக்கு அடிப்படையான கட்டுரைகளில் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் பெரும் துகள் மோதுவியில் இயங்கும் சி.எம்.எஸ் உணர்கருவியின் கூட்டாய்வைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோரின் பெயர்கள் நாடு, நிறுவனம் வாரியாக அகரவரிசையில் நிற்கின்றன. நடந்த வேலைக்கு உண்மையான கணக்கு அதுவே. 2015-இல் அதே மோதுவியின் மற்றோர் உணர்கருவியான அட்லாஸின் குழுவும் சி.எம்.எஸ் குழுவும் இணைந்து ஹிக்ஸ் துகளின் நிறையை வெளியிட்டபோது, 33 பக்கக் கட்டுரையில் 24 பக்கங்கள் 5,154 ஆசிரியர்களின் பெயர்களுக்கும் அவர்களுடைய நிறுவனங்களுக்கும் தேவைப்பட்டன. இத்தனை பேரும் அப்படி என்னதான் செய்தார்கள் என்று துறைக்கு வெளியே உள்ள நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. அதற்கான விடையை உங்களுக்குச் சொல்லும் நன்றியாகவே, என் தாய்மொழியில், பலரும் படிக்கும்படி எழுத விரும்பினேன்.

நாம் தேடியது எவ்வளவு அரியது என்பதை முதலில் சொன்னால்தான் உங்கள் உதவியின் அளவு விளங்கும். பத்தாயிரம் ஹிக்ஸ் துகள்கள் உருவானால் அவற்றில் இரண்டு அளவில்தான் மியூவான் இணையாகச் சிதைகின்றன. அதே தோற்றமுள்ள மியூவான் இணைகளை வேறு வினைகள் பல மடங்கு அதிகமாக உண்டாக்குகின்றன. அந்தப் பெருந்திரளின் மேல் ஹிக்ஸ் துகளின் நிறையான 125 ஜி.இ.வி (துகள்களின் நிறையையும் ஆற்றலையும் அளக்கும் அலகு) அருகே ஒரு சின்னஞ்சிறு மேடு தெரிகிறதா என்று பார்ப்பதே வேலை. மியூவானின் உந்தத்தை அளப்பதில் சற்றே துல்லியம் குறைந்தாலும் அந்த மேடு பரவிக் கரைந்துவிடும். 2020-இல் சி.எம்.எஸ் இந்தச் சிதைவுக்கான முதல் சான்றை 3 சிக்மா அளவில் (தற்செயலாக அப்படித் தோன்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதைச் சொல்லும் அளவுகோல்) அறிவிக்க முடிந்ததென்றால், காந்தத்தை வார்த்தவரிலிருந்து கணினிக் குறிப்பை எழுதியவர் வரை ஒருவரும் தம் வேலையில் தளரவில்லை என்பதே அதன் பொருள்.

முதல் நன்றி எனக்கு முந்தைய தலைமுறைக்கு. இந்த உணர்கருவியைக் கட்ட விரும்புகிறோம் என்ற விருப்பக் கடிதத்தை 1992-இல் நீங்கள் அளித்தீர்கள். மோதுவியில் 7 டி.இ.வி (7,000 ஜி.இ.வி) ஆற்றல் மோதல்கள் தொடங்கியதோ 2010 மார்ச் 30 அன்று. சி.எம்.எஸ் கருவியை முன்னின்று உருவாக்கிய மிஷேல் டெல்லா நெக்ரா, தேஜிந்தர் வீர்தி போன்ற சிலரின் பெயர்கள் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. அவர்களுடன் வரைபடம் தீட்டிய, ஒரு கதிர்வீச்சு சோதனைக்காகப் பல மாதங்கள் செலவிட்ட, முதல் மோதலைக் காணும் முன்பே ஓய்வுபெற்ற பொறியாளர்களின் பெயர்கள் அவ்வாறு இடம்பெறவில்லை. இன்று இந்தத் தரவைப் பகுத்தாயும் மாணவர்களில் பலர் அந்தக் கடிதம் எழுதப்பட்டபோது பிறந்திருக்கவே இல்லை. தாம் பயன்கொள்ள மாட்டோம் என்று தெரிந்தும் ஒரு கருவியை இத்தனை கவனமாகச் செய்ய முடியும் என்பதை உங்கள் வரைபடங்களைப் படித்தபோதுதான் நான் உணர்ந்தேன்.

14,000 டன் எடையுள்ள இக்கருவியின் ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு நாட்டின் கைவேலை இருக்கிறது. மியூவான் வெளியேறும் வழியில் ஈயத் தங்ஸ்டேட் படிகங்கள் வருகின்றன. கண்ணாடி போல் தெளிந்தவை, ஆனால் எடையில் பெரும்பங்கு உலோகம். ஏறக்குறைய 76,000 படிகங்களை ரஷ்யாவிலும் சீனாவிலும் சுமார் பத்து ஆண்டுகளாக ஒவ்வொன்றாக வளர்த்தார்கள். அடுத்து, உருளை வடிவக் கருவியின் இரு முனைப்பகுதிகளில் பித்தளைத் தகடுகள் வருகின்றன. இந்தப் பித்தளையின் வரலாறு என் மனத்தை இன்றும் அசைக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ரஷ்யக் கடற்படையின் பீரங்கிக் குண்டு உறைகளை, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றை, உருக்கி அந்தத் தகடுகளைச் செய்தார்கள். செர்னை நிறுவிய உடன்படிக்கையே, இராணுவத் தேவைக்கான எந்தப் பணியிலும் அது ஈடுபடாது, அதன் முடிவுகள் அனைத்தும் வெளியிடப்படும் என்று கூறுகிறது. அந்த வாசகத்துக்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது. உலையருகே நின்று அந்த உறைகளை உருக்கிய தொழிலாளர்களுக்கும், தகடுகளை நுண்ணளவில் கடைந்தவர்களுக்கும் என் வணக்கம்.

இங்கே வருத்தத்தோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உக்ரைன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து செர்ன் மன்றம் எடுத்த முடிவின்படி, ரஷ்யாவுடனான ஒத்துழைப்பு உடன்படிக்கை 2024 நவம்பர் 30-ஆம் நாள் காலாவதியானது. உக்ரைனின் கார்கிவ் நகர ஆய்வகமும் நம் கூட்டாய்வின் உறுப்பு. அங்குள்ள தோழர்கள் குண்டுவீச்சுக்கு நடுவில் இருந்தவர்கள். மன்றத்தின் முடிவை நான் மறுத்துப் பேசவில்லை. ஆயினும் படிகங்களை வளர்த்த கைகளுக்கான நன்றிக்குக் காலாவதி நாள் இல்லை என்று நம்புகிறேன். கார்கிவ் தோழர்களுக்கும், எங்களோடு ஒரே கூட்டங்களில் அமர்ந்து மியூவான் அறைகளின் குறைகளைக் களைந்துவிட்டு இன்று தம் நாட்டின் செயலால் விலகி நிற்க நேர்ந்த ரஷ்ய ஆய்வாளர்களுக்கும், இந்த மடலில் ஒருங்கே நன்றி சொல்கிறேன். இரண்டு நன்றியும் ஒரே எடை உடையவை அல்ல என்று சிலர் கூறக்கூடும். நான் நன்றி சொல்வது செய்த வேலைக்கு.

படிகங்களுக்கும் பித்தளைக்கும் அப்பால் 3.8 டெஸ்லா வலிமை கொண்ட மீக்கடத்துக் காந்தச் சுருள், அதற்கும் வெளியே காந்தப்புலத்தைத் தாங்கிச் செல்லும் இரும்பு நுகமும் மியூவான் உணர்கலங்களும். மியூவான் ஆய்வில் இருப்பவன் என்பதால் இந்தக் கலங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காந்தத்தின் பெரும்பாரத்தைத் தாங்கும் கால்கள் பாகிஸ்தானில் செய்யப்பட்டவை. முனைப்பகுதியில் உள்ள ஆர்.பி.சி. எனப்படும், வாயு நிரப்பிய கலங்களின் இதயப்பகுதியைக் கொரியா தந்தது. கலங்கள் பாகிஸ்தானிலும் சீனாவிலும் கோக்கப்பட்டன. பின்னர் நான்காம் அடுக்கைச் சேர்த்தபோது, இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் பஞ்சாப் பல்கலைக்கழகத்திலும், பெல்ஜியத்தில் கெண்ட் பல்கலைக்கழகத்திலும், செர்னிலும் கலங்கள் கோக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டன. எல்லையின் இருபுறத்திலும் செய்யப்பட்ட கலங்கள் ஒரே இரும்பில் தொங்குகின்றன. ஒரே மியூவான் இரண்டையும் கடந்து செல்லக்கூடும். வாயுக்கசிவைத் தேடும் பணி எழுதிக் காட்டப் பெருமை தருவதன்று, ஆனால் ஒரு கசிவு என்றால் அந்தக் கலத்தின் தரவு இல்லை என்று பொருள். நிலத்தடிக் குகையில் ஏணியில் நின்றபடி குழாய் குழாயாகத் தட்டிப் பார்த்த அந்த நாட்டாரும் இந்த நாட்டாருமான தோழர்களே, என் வரைபடங்களில் வெற்றிடம் விழாமல் காத்தது நீங்கள்.

முடுக்கித் துறையினருக்கு நாம் சொல்லும் நன்றி எப்போதுமே போதாது. 27 கிலோமீட்டர் வளையம், அதில் 1,232 இருமுனைக் காந்தங்கள், 1.9 கெல்வின் வெப்பநிலையில் ஹீலியம்: இதைப் புத்தகத்தில் படிப்பது எளிது. 2008 செப்டம்பர் 10 அன்று முதல் கற்றை சுற்றிவந்த மகிழ்ச்சி அடங்குமுன், 19-ஆம் நாள் இரு காந்தங்களுக்கு இடையேயான மின்னிணைப்பு ஒன்று பழுதுற்று, ஹீலியம் பெருமளவில் வெளியேறியது. 53 காந்தங்களை மேலே கொண்டுவந்து, பழுதுபார்த்தோ மாற்றியோ மீண்டும் இறக்கி, ஏராளமான இணைப்புகளைச் சோதித்து, 2009 நவம்பரில் கற்றையை மறுபடி ஓடவிட்டீர்கள். அந்த ஓராண்டுக்கு மேலான உழைப்பின் மீதுதான் ஹிக்ஸ் துகள் கண்டறியப்பட்டது என்ற 2012 ஜூலை 4 அறிவிப்பு நின்றது. ஏறத்தாழ 35 டன் எடையுள்ள அந்தக் காந்தங்களை நுண்ணளவில் சரிசெய்து நிறுத்தும் தாங்கிகள், ஏறக்குறைய 7,000, இந்தூரில் உள்ள ஆய்வு மையத்தின் வடிவமைப்பில் இந்தியாவிலிருந்து சென்றவை என்பதையும் இங்கே நன்றியோடு குறிக்கிறேன்.

மோதல்கள் நடந்த பிறகு அவற்றைப் பிடிக்க வேண்டும். நொடிக்கு 4 கோடி முறை புரோட்டான் திரள்கள் ஒன்றையொன்று கடக்கின்றன. எந்த மோதலைச் சேமிப்பது என்று உடனுக்குடன் முடிவு செய்யும் தெரிவு அமைப்பான ட்ரிகரின் முதல்நிலை அதில் ஒரு இலட்சத்தைத் தேர்ந்தெடுக்கிறது, அடுத்த நிலை ஆயிரம் அளவில் சுருக்குகிறது. விடப்பட்டது திரும்ப வராது. மியூவான் ட்ரிகரின் வரம்பைச் சிறிதும் உயர்த்தாமல் காக்க ஒவ்வொரு ஆண்டும் வாதாடிய தோழர்களுக்கு நான் தனிப்பட்ட முறையில் கடன்பட்டிருக்கிறேன். கட்டுப்பாட்டு அறையில் நள்ளிரவு ஷிப்ட் பார்த்தவர்களுக்கும் அவ்வாறே. எத்தனை மோதல்கள் நடந்தன என்பதைக் கணிக்க, சைமன் வான் டெர் மேர் 1968-இல் முன்வைத்த வழியில் இரு கற்றைகளை ஒன்றன் குறுக்கே ஒன்றாக மெல்ல நகர்த்தி அளந்தவர்களை யாரும் மேடைகளில் குறிப்பிடுவதில்லை. நம் முடிவுகள் ஒவ்வொன்றிலும் அவர்களுடைய எண் வகுத்தியாக நிற்கிறது.

தரவு எடுத்த பின்பு அது ஓரிடத்தில் தங்குவதில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 170 கணினி மையங்கள் அதைப் பகிர்ந்து தாங்குகின்றன. என் கணக்குகள் எந்த நாட்டில் ஓடின என்று பெரும்பாலும் எனக்கே தெரியாமல் இருந்தது. முடிந்து வந்தன என்பது மட்டும் தெரியும். பழுதான வட்டை விடுமுறை நாளில் மாற்றியவர்களுக்கு நன்றி.

அறிவுசார்ந்த உதவிகளில் நான் மிகப் பெரிதாகக் கருதுவது உள்மதிப்பாய்வை. ஹிக்ஸ் இருக்கக்கூடிய பகுதியைக் கண்ணால் காணாமல் முழுப் பகுப்பாய்வையும் அமைத்து, அதன் ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் சொல்லி, அதன் பின்னரே தரவைத் திறக்க வேண்டும் என்ற நெறி, அவசரக்காரனான எனக்குப் பொறுமையைக் கற்றுத் தந்தது. ஒருமுறைகூட நேரில் சந்தித்திராத மதிப்பாய்வாளர்கள், பின்னணியை, அதாவது வேறு வினைகள் தரும் மியூவான் இணைகளை, விவரிக்கும் கணிதச் சார்பு ஏன் இதுவாக இருக்க வேண்டும், வேறொன்றானால் மேட்டின் உயரம் எவ்வளவு மாறும் என்று விடாமல் கேட்டார்கள். அந்தக் கேள்விகளுக்கு விடை காண எழுதிய பக்கங்கள்தாம் என் ஏட்டின் சிறந்த பக்கங்கள். சோதனை நெருக்கமாக இருந்தபோதும் மொழியில் ஒரு கடுமையும் இல்லை. உங்களுக்கு எந்தப் பதவி உயர்வும் தராத வேலையை இத்தனை அக்கறையோடு செய்தீர்கள். அதேபோல், நம் குழுவின் எண்களைப் பார்க்காமலும் தம் எண்களைக் காட்டாமலும் அதே சிதைவைத் தனியே தேடிய அட்லாஸ் தோழர்களுக்கும் நன்றி. நீங்கள் அங்கே இருப்பது தெரிந்ததால்தான் எங்கள் முடிவை நாங்களே ஐயுற்றோம்.

கோட்பாட்டாளர்கள் கணித்துத் தந்த உருவாக்க வீதங்கள் இல்லையென்றால் நாம் கண்டதை எதனோடும் ஒப்பிட இயலாது, அவர்களுக்கு நன்றி. விசா, தங்குமிடம், அடையாள அட்டை, காப்பீடு என்று புதியவர் ஒவ்வொருவரின் கலக்கத்தையும் அமைதியாகத் தீர்த்துவைத்த செயலகப் பணியாளர்களின் பெயர்கள் ஆசிரியர் பட்டியலில் இடம்பெறுவதில்லை. இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. உலகின் எந்த மூலையில் இருப்பவருக்கும் உகந்த கூட்ட நேரம் ஒன்று கிடையாது. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் முறை தமக்கும் வரட்டும் என்று நேரத்தைச் சுழற்சியில் வைத்த ஒருங்கிணைப்பாளர்களுக்கும், பக்கத்து அறையில் அந்தப் பேச்சொலியைப் பொறுத்துக்கொண்ட குடும்பத்தினருக்கும் நன்றி.

இவை அனைத்தும் பொதுமக்களின் வரிப்பணத்தில் நடந்தவை. 1954-இல் 12 நாடுகளுடன் தொடங்கிய செர்னுக்கு இன்று இந்தியாவும் 2017 முதல் இணை உறுப்பினராகப் பங்கு செலுத்துகிறது. நம் கட்டுரைகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். 2014 முதல் சி.எம்.எஸ் தரவின் பகுதிகளும் பொதுவெளியில் இருக்கின்றன. இதைப் படிக்கும் மாணவர் எவரேனும் அந்தத் தரவைத் திறந்து ஒரு மியூவான் இணையின் நிறையைக் கணக்கிட்டுப் பார்த்தால், மேலே சொன்ன அத்தனை பேரின் வேலையும் அவர் கைக்கு வந்துவிடும்.

அடுத்து வரும் உயர் மோதல்வீதக் கட்டத்துக்காக முனைப்பகுதிப் படிகங்களும் அந்தப் பித்தளையும் அகற்றப்பட்டு, சிலிக்கான் அடுக்குகள் கொண்ட புதிய கலோரிமீட்டர் (துகள்களின் ஆற்றலை அளக்கும் பகுதி) பொருத்தப்பட இருக்கிறது. அதன் உணரிகளை இப்போது வெவ்வேறு நாடுகளின் தூய்மை அறைகளில் ஒட்டியும் சோதித்தும் வரும் இளையவர்களுக்கு முன்கூட்டியே என் நன்றி. என் பகுப்பாய்வின் நிரல்களையும், உந்த அளவீட்டைத் திருத்திய முறை பற்றிய குறிப்புகளையும் கூட்டாய்வின் சேமிப்பகத்தில் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறேன். புரியாத இடம் இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்; எனக்கு எழுதியவர்களுக்கு நீங்கள் எல்லோரும் விடை எழுதியது போல நானும் எழுதுவேன்.

பணிவான நன்றியுடன்,
சி.எம்.எஸ் கூட்டாய்வின் மியூவான் குழுவைச் சேர்ந்த உங்கள் தோழன்