செப்டம்பர் இலங்கைப் பயணம்: பெயர் கொடுக்க வேண்டியவர்கள் கவனிக்கவும்

வணக்கம் சுங்கை சிப்புட் உறவுகளே. பயணத்தைப் பள்ளி விடுமுறைக்கு மாற்றலாமா என்று சிலர் கேட்டீர்கள். செப்டம்பரை மாற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வறட்சியில் மின்னேரியா குளத்து நீர் வற்றி, தரையில் இளம்புல் முளைக்கும்போதுதான் நூற்றுக்கணக்கான காட்டு யானைகள் ஒன்றாகக் கூடுகின்றன. யானை புல்லைக் காலால் உதைத்துப் பெயர்த்து, துதிக்கையால் சுருட்டி, மண் உதிரத் தட்டிய பிறகே வாயில் வைக்கும். அதை ஜீப்பில் இருந்தபடியே நிதானமாகப் பார்க்கலாம். அங்கே ஆண் யானைகளிலும் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் கிடையாது. பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

பொலன்னறுவைக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கிறோம். சோழர் காலத்தில் ஜனநாதமங்கலம் என்று பெயர் பெற்றிருந்த ஊர் அது. அங்குள்ள வானவன்மாதேவி ஈஸ்வரம் என்ற சிவன் கோயில் முழுக்கக் கல்லால் ஆனது. சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. நம் பிள்ளைகள் அவற்றை எழுத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை. செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்களில் கல் கொதிக்கும், காலுறை எடுத்து வாருங்கள்.

சம்பந்தர் பாடிய திருகோணமலைக் கோணேஸ்வரமும் உண்டு. சிகிரியா மலைக்கோட்டையின் படிகள் மூத்தவர்களுக்குச் சிரமம் என்பதால் அதை விட்டுவிட்டோம்.

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். முன்பணம் 300 வெள்ளி. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் கடப்பிதழ் நகலோடு வந்து கட்டிவிடுங்கள்.