ஸ்பீக்கரில் கேட்ட கேள்வி

அன்புள்ள செல்வி,

போன ஞாயிறு, நீ சேர்ந்திருக்கிற அமெரிக்கக் கல்லூரியைப் பற்றி "வேற நல்ல காலேஜே கிடைக்கலையா?" என்று நான் கேட்டதும் "சரிப்பா, வைக்கிறேன்" என்றாய். அந்தச் 'சரி'யை உன் அம்மாவிடம் முப்பது வருடமாகக் கேட்டுப் பழகியவன், அர்த்தம் தெரியாதா? போன் ஸ்பீக்கரில் இருந்தது என்று அப்புறம்தான் சொன்னாய். உன் ரூம்மேட்டுக்குத் தமிழ் தெரியாமல் போனது என் அதிர்ஷ்டம்.

"கறுப்பர் காலேஜாமே, பாப்பாவுக்குச் சரிப்பட்டு வருமா?" என்று முதலில் கேட்டது உன் பெரியப்பாதான். அவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் எனக்குள்ளும் அது இருந்தது, இல்லாமல் வாயில் வராது. அதனால் ஒரு வாரமாக உட்கார்ந்து படித்தேன். ரிட்டயர்டு ஆளுக்கு வேறென்ன வேலை.

1890இல் அங்கே ஒரு சட்டம் வந்திருக்கிறது. மத்திய அரசின் கல்லூரி நிதி வேண்டுமென்றால் கறுப்பின மாணவர்களையும் சேர்த்துக்கொள், மாட்டேன் என்றால் அவர்களுக்குத் தனியாக ஒரு கல்லூரி நடத்து. வட கரோலினா மாநிலம் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. அப்படி 1891இல் பிறந்ததுதான் உன் வட கரோலினா ஏ அண்ட் டி (விவசாயம், தொழில்நுட்பம்) கல்லூரி. ஆரம்பத்தில் மாநிலத் தலைநகர் ராலேயில் வேறொரு கல்லூரியின் இடத்தில் வகுப்பு. கிரீன்ஸ்பரோ ஊர்க்காரர்கள் 14 ஏக்கரும் 11,000 டாலரும் கொடுத்ததால் 1893இல் அந்த ஊருக்கு வந்தது. நடுவில் பெண்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு 1928இல்தான் மறுபடி சேர்த்திருக்கிறார்கள். உன் ரூம்மேட்டின் பாட்டியும் அங்கேதான் படித்தார் என்றாயே, அந்த வீட்டுக்கு அது எப்படிப்பட்ட பெருமையாக இருந்திருக்கும்!

அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் காலம் தள்ளியவனுக்குக் கண் போவது பணத்தின் மேல்தான். தனியாக நடத்து என்றார்களே, சமமாகக் கொடுத்தார்களா? இல்லை. 2023இல் அமெரிக்கக் கல்வி அமைச்சரும் விவசாய அமைச்சரும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள், வட கரோலினாவும் அதில் உண்டு. அந்த மாநிலங்களின் பழைய, வெள்ளையருக்கென்று தொடங்கிய அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவர் ஒருவருக்கு என்ன கொடுத்தார்களோ அதையே இந்தக் கறுப்பினக் கல்லூரிகளுக்கும் கொடுத்திருந்தால், சுமார் முப்பது வருடத்தில் 1,200 கோடி டாலருக்கு மேல் கூடுதலாகக் கிடைத்திருக்குமாம். எங்கள் ஆபீஸில் ஒரு ஃபைலில் இப்படிப் பாக்கி நின்றிருந்தால் ஆடிட்டில் கிழித்திருப்பார்கள். இவ்வளவு குறைத்துக் கொடுத்தும் இன்று உன் கல்லூரியில் 13,000 பேருக்கு மேல் படிக்கிறார்கள், கறுப்பினத்தவருக்கென்று தொடங்கிய கல்லூரிகளிலேயே அதுதான் பெரியது, கறுப்பின எஞ்சினியர்களை அதிகம் உருவாக்குவதும் அதுதான் என்றால், 'நல்ல காலேஜ்' என்று நான் எதைச் சொன்னேன் என்றே எனக்குப் புரியவில்லை.

அப்புறம் அந்த நாலு பையன்கள். கல்லூரி வளாகத்தில் சிலையாக நிற்கிறார்களே, அவர்கள்தான். எல்லாரும் முதல் வருடம், உன் தம்பி வயது. 1960 பிப்ரவரி 1, திங்கட்கிழமை. டவுனில் வுல்வொர்த் கடைக்குப் போகிறார்கள். முதலில் பற்பசை மாதிரி சில்லறைச் சாமான் வாங்குகிறார்கள். அதற்குக் காசு வாங்கிக்கொள்ளக் கடைக்குக் கசக்கவில்லை. நேரே போய்ச் சாப்பாட்டு கவுண்டரில் உட்கார்ந்து காபி கேட்கிறார்கள். வெள்ளையர்களுக்கு மட்டும்தான் என்று பதில். எழுந்திருக்கவில்லை. கடை சாத்தும்வரை உட்கார்ந்துவிட்டு, மறுநாள் இன்னும் சில ஆட்களோடு வருகிறார்கள். பக்கத்துப் பென்னட் கல்லூரிப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். வாரக் கடைசிக்குள் நூற்றுக்கணக்கில் கூட்டம், அப்புறம் ஊர் ஊராகப் பரவல். ஜூலை 25 அன்று கடை இறங்கி வந்தது. அந்த கவுண்டரில் முதலில் உட்கார்ந்து சாப்பிட்ட கறுப்பினத்தவர் அந்தக் கடையிலேயே வேலை பார்த்தவர்கள். இத்தனை நாள் பரிமாறிய இடம்!

நீ தினமும் வகுப்புக்குப் போகிற மெக்னேர் ஹால், விண்வெளி வீரர் ரொனால்ட் மெக்னேரின் பெயர். தெற்கு கரோலினாவில் லேக் சிட்டி என்ற சின்ன ஊர்க்காரர். ஒன்பது வயதில் நூலகத்துக்குப் போனபோது கறுப்பினப் பையனுக்குப் புத்தகம் தர மாட்டோம் என்றார்கள். புத்தகம் இல்லாமல் போக மாட்டேன் என்று அங்கே இருந்த மேசைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டானாம். போலீஸ் வந்தது, அம்மாவும் வந்தார், கடைசியில் புத்தகம் கைக்கு வந்தது. 1971இல் உன் கல்லூரியில் இயற்பியல் பட்டம், பிறகு எம்ஐடியில் டாக்டர் பட்டம், 1984இல் விண்வெளி. 1986 சேலஞ்சர் விண்கல விபத்தில் போய்ச் சேர்ந்தார். 35 வயது. அம்மா இதைக் கேட்டுவிட்டு எதுவும் பேசாமல் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அந்த வுல்வொர்த் கவுண்டர் இப்போது அதே கட்டடத்தில் மியூசியமாக இருக்கிறதாம். ஒரு நாள் போய்ப் பார். உள்ளே படம் எடுக்க விடுவார்களோ மாட்டார்களோ, வாசலையாவது எடுத்து அனுப்பு. பெரியப்பாவுக்கு நானே காட்டிச் சொல்லிக்கொள்கிறேன்.

எலுமிச்சை ஊறுகாய் அடுத்த வாரம் பார்சலில் வரும். ரூம்மேட்டுக்கும் சேர்த்து இரண்டு பாட்டில், அவளுடையதில் காரம் குறைவு. ஞாயிறு இங்கே ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிடு, அங்கே மதியம் பன்னிரண்டு. திட்டுவதாக இருந்தால் முழுசாகத் திட்டிவிட்டு வை. ஸ்பீக்கரிலேயே போடு.

அன்புடன்,
அப்பா