சனிக்கிழமைக்கு முன்னால் படித்துவிடு, பாப்பா

பாளையங்கோட்டை
ஆவணி 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

மார்பைச் சிறிதாக்கும் ஆபரேஷனைப் பற்றி நேற்று ராத்திரி போனில் நீ அவ்வளவு நேரம் பேசினாய். நான் "சரிம்மா, பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஹாலில் அப்பாவும் ஆச்சியும் இருந்தார்கள். டிவி சத்தத்துக்கு நடுவே எனக்கு எதுவும் வாயில் வரவில்லை. அம்மா மறுபடியும் தட்டிக் கழிக்கிறாள் என்று நினைத்துப் படுத்திருப்பாய். அதனால்தான் காலையில் சமையலை முடித்த கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றுதான் எனக்கும் படுகிறது. அதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, சனிக்கிழமை பார்க்கப்போகிற டாக்டரிடம் நீ கேட்க வேண்டியதும் இருக்கிறது.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது உனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேனே, அன்றைக்கு உன் தோளைப் பார்த்தேன். பிராவின் பட்டை பதிந்து இரண்டு தோளிலும் பள்ளம் விழுந்திருந்தது. என் சுண்டுவிரலை வைத்தால் உள்ளே உட்கார்ந்துகொள்கிறது. அந்த இடத்தில் தோலே கறுத்துப் போயிருந்தது. மார்புக்கு அடியில் வேர்வை தங்கிச் சிவந்து புண்ணாகி, பவுடர் போட்டால் ஆறி, மறுபடி சித்திரை வெயிலுக்கு வந்துவிடும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து நீ கழுத்து வலி, முதுகு வலி என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஷாலை ஒழுங்காப் போடு." நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகிறது. வலிக்கிறது என்று சொன்ன பிள்ளையிடம் மறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். கோ-கோ டீமிலிருந்து நீயாக விலகியபோதுகூட, பத்தாம் வகுப்புப் படிப்புக்காக என்று நம்பிக்கொண்டேன். ஓடும்போது வலிக்கிறது, கூட்டம் பார்க்கிறது என்று நீ சொன்னது இரண்டு வருஷம் கழித்து.

முதலில் போன டாக்டரை உனக்கு மறந்திருக்காது. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "எடையைக் குறை, நிமிர்ந்து நட" என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். நீ அப்போது 54 கிலோ. எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு எடை குறைந்தால் மார்பும் ஓரளவு குறையலாம், அது உண்மை. ஆனால் உன் வயதுப் பெண்களுக்கு மார்பில் கொழுப்பைவிடச் சுரப்பித் திசுவும் நார்த் திசுவும்தான் அதிகமாக இருக்கும். அது பட்டினி கிடந்தால் கரையாது. இதை இரண்டாவதாகப் பார்த்த பிளாஸ்டிக் சர்ஜன் அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அந்த அம்மாவை எனக்குப் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. உள்ளே போனதும் என்னைப் பத்து நிமிஷம் வெளியே உட்காரச் சொன்னார்கள். பெற்ற தாயை வெளியே அனுப்புகிறார்களே என்று அப்போது சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு கூப்பிட்டுச் சொன்னார்கள்: "இது யாருடைய ஆசை என்று தெரிந்துகொள்ளத்தான் தனியாகப் பேசினேன். உங்கள் பெண் ஒரு நடிகை மாதிரி ஆக வேண்டும் என்று கேட்கவில்லை. தோள் வலி போகணும், ஓடணும் என்கிறாள்." அப்புறம் இன்ச் டேப்பை எடுத்துக் கழுத்துக்குழியிலிருந்து காம்பு வரைக்கும் அளந்தார்கள். உன் உயரத்துப் பெண்ணுக்கு 20, 21 செ.மீ. இருக்குமாம். உனக்கு 28. ஸ்கேன் எடுத்துக் கட்டி எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்தினார்கள். சின்ன வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் தெளிவாகத் தெரியாது, அல்ட்ராசவுண்ட்தான் சரி என்றார்கள். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பெருத்திருந்தால் விஷயமே வேறு. அது பெரிய நார்க்கட்டியாக இருக்கலாம், கட்டியை மட்டும் எடுத்தால் போதும்.

அவ்வளவும் பார்த்துவிட்டு, "இப்போது வேண்டாம், காத்திருப்போம்" என்றார்கள். பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாய். நான் சொல்லித்தான் டாக்டர் அப்படிப் பேசினார் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தாய் இல்லையா? சத்தியமாக இல்லை, பாப்பா. உனக்கு அப்போது 15. பெரியவளாகி நாலு வருஷம்தான் ஆகியிருந்தது, அளவு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. வளர்ந்துகொண்டிருக்கும்போது வெட்டி எடுத்தால் மிச்சமிருப்பது மறுபடி வளரும். இரண்டாவது தடவை கத்தி வைக்க வேண்டி வரலாம், இரண்டாவது தடவை ரத்த ஓட்டத்துக்கு ஆபத்தும் கூடும். அளவு குறைந்தது ஒரு வருஷமாவது மாறாமல் நிற்கட்டும் என்று சொன்னது அதற்காகத்தான். சில பிள்ளைகளுக்குப் பருவமடையும் சமயத்தில் சில மாதத்துக்குள்ளேயே தாங்க முடியாத அளவுக்குப் பெருத்துவிடுமாம், தோலே இழுபட்டுப் புண்ணாகிவிடுமாம். ஹார்மோனுக்கு அந்தத் திசு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுவதால் வருகிறது என்று நினைக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் காத்திருக்காமல் முன்கூட்டியே செய்வதுண்டு, மீண்டும் வளர்வதும் அவர்களுக்குத்தான் அதிகம். உனக்கு அந்த நிலைமை இல்லை.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உன் அளவை எழுதிவைத்தேன். நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்பினாய், அதையும் ஏற்றினேன். நேற்று எடுத்துப் பார்த்தேன். 28, 28.5, 29, அப்புறம் 29, 29, 29. கடைசி ஒன்றரை வருஷமாக ஒரு கோடுகூட நகரவில்லை. எடையும் 55, 56-க்குள்தான். அதனால் இப்போது கேட்க உனக்கு முழு நியாயம் இருக்கிறது. ஆடியில் 18 முடிந்துவிட்டது, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட என் கைகூட வேண்டாம், நீயே போடலாம். அதனால்தான் எல்லாவற்றையும் நீயே தெரிந்துகொண்டு போட வேண்டும் என்று நினைக்கிறேன்.

சிமோனா ஹாலெப் என்று ருமேனியாக்காரப் பெண், டென்னிஸ் ஆடினாளே, அவளும் 2009-இல், 17 வயதில் இதே ஆபரேஷன் செய்துகொண்டவள்தான். முதுகு வலி தாங்கவில்லை, பந்துக்கு வேகமாக நகர முடியவில்லை என்பதற்காக. 2018-இல் பிரெஞ்சு ஓப்பன், 2019-இல் விம்பிள்டன் இரண்டையும் ஜெயித்தாள். இதைப் படித்ததிலிருந்து உன் கோ-கோ சட்டைதான் ஞாபகம் வருகிறது, பீரோவில் மடித்து வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் பாஸ்டன் சிறுவர் மருத்துவமனையில் செய்துகொண்ட வளரிளம் பெண்களை ஆபரேஷனுக்குப் பிறகும் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். வலியும் குறைந்திருக்கிறது, தங்களைப் பற்றிய மதிப்பும் கூடியிருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். உன் காது. ப்ளஸ் ஒன் லீவில் பிரெண்டோடு போய் மேல் காது குத்திக்கொண்டு வந்தாயே, அந்த இடம் சுண்டைக்காய் மாதிரி தடித்துக்கொண்டு வந்தது. தோல் டாக்டரிடம் மூன்று ஊசி போட்ட பிறகுதான் அமுங்கியது. கீலாய்டு என்றார், காயத் தழும்பு அளவுக்கு மீறித் தடித்து வளர்வது. பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தது அதற்கு முன்னால், அவருக்கு இது தெரியாது. நம் நிறத் தோலுக்குத் தழும்பு தடிப்பது கூடுதல், அதிலும் நெஞ்செலும்புக்கு மேலே உள்ள தோல் கீலாய்டுக்குப் பேர்போன இடம். சனிக்கிழமை டாக்டர் கேட்காவிட்டாலும் நீயே காதைக் காட்டு. மறைக்காதே. இதனால் ஆபரேஷன் கூடாது என்று ஆகிவிடாது. ஆனால் தழும்பை எங்கே வைப்பது, எவ்வளவு நீளம், தையல் பிரித்த பிறகு சிலிகான் ஷீட்டா, ஊசியா என்று முதலிலேயே திட்டம் போடுவார்கள்.

தழும்பு இல்லாமல் இந்த ஆபரேஷன் கிடையாது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் ஒரு வட்டம், அதிலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு, பெரிய அளவில் எடுக்க வேண்டியிருந்தால் அடி மடிப்பிலும் ஒரு கோடு. மொத்தத்தில் நங்கூரம் மாதிரி இருக்கும். மடிப்புக் கோடு இல்லாமல் முடியுமா என்று உன் காதைக் காட்டிக் கேள். முதல் சில மாதம் தடித்துக் கறுத்து, பார்க்கவே மனசு கஷ்டப்படும். மங்குவதற்கு ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகும். மங்குமே தவிர அழியாது. இரண்டு கோடும் சேரும் இடத்தில் புண் லேசாகப் பிரிந்து ஆற நாளாவது அடிக்கடி நடப்பதுதான். ரத்தம் கட்டுவது, சீழ் பிடிப்பது, இரண்டு பக்கமும் கொஞ்சம் ஏறுமாறாக இருப்பது, காம்பில் உணர்ச்சி குறைவது எல்லாமே நேரலாம். உணர்ச்சி பல பேருக்குச் சில மாதத்தில் திரும்புகிறது, சிலருக்குத் திரும்புவதில்லை. ரொம்ப அபூர்வமாக ரத்த ஓட்டம் நின்று காம்பே போய்விடுவதும் உண்டு. பயமுறுத்தவில்லை கண்ணு, இதைக் கேட்காமல் நீ கையெழுத்துப் போடக்கூடாது.

பால் கொடுக்கும் விஷயம். ஆச்சிக்கு உன் தோள் வலி பெரிதாகத் தெரியவில்லை. "கட்டிக்கொடுக்கிற பிள்ளைக்கு மாரை அறுக்கிறதா" என்பதுதான் கவலை. கல்யாணத்துக்காக நீ வலியைச் சுமக்க வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன், அந்தப் பேச்சு என்னோடு நிற்கட்டும். ஆனால் 28 வயதில் உனக்கு என்ன தோன்றும் என்று 18 வயதில் உனக்கே தெரியாது, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அதனால் இந்தக் கேள்வியை நேராகக் கேள்: "காம்பைத் திசுவோடு சேர்த்தே மேலே நகர்த்துவீர்களா, கழற்றி ஒட்டுவீர்களா?" ரத்தக் குழாயும் நரம்பும் உள்ள திசுத் தண்டோடு நகர்த்துவதுதான் வழக்கம். காம்புக்கு அடியில் உள்ள சுரப்பியையும் விட்டுவைத்தால் பிற்பாடு பால் கொடுக்க நல்ல வாய்ப்பு உண்டு. குறைவாகச் சுரந்தால் கூடவே புட்டிப்பாலும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். கழற்றி ஒட்டினால் பாலும் உணர்ச்சியும் போய்விடும், அது மிகப் பெரிய மார்புக்குத்தான் செய்வார்கள். உன் அளவுக்குத் தேவைப்படாது என்றுதான் அந்த அம்மா சொன்னார்கள், இருந்தாலும் கேட்டுவிடு. எனக்கு எந்த ஆபரேஷனும் நடக்கவில்லை. ஆனாலும் உனக்கு நாற்பது நாளுக்கு மேல் பால் கொடுக்க முடியவில்லை, சுரக்கவே இல்லை. டப்பாப் பாலில்தான் வளர்ந்தாய். இதை ஆச்சிக்கும் ஞாபகப்படுத்தினேன்.

உன் ஹீமோகுளோபின் போன தடவை 9.6. அதைப் பத்துக்கு மேலே, முடிந்தால் பன்னிரண்டு வரைக்கும் கொண்டுவராமல் நான் சம்மதிக்க மாட்டேன். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதே, எலுமிச்சை ஜூஸோடு போடு. வலிக்குப் போடுகிற மாத்திரை, ஆச்சி கொடுத்துவிட்ட லேகியம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய்க் காட்டு. சிலது ரத்தம் உறைவதைத் தடுக்கும், முன்கூட்டியே நிறுத்தச் சொல்வார்கள்.

செலவைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அப்பாவின் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படித்தோம். அழகுக்கான பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் கிடையாது, உடல்நல ஆபத்தை நீக்கத் தேவையான சிகிச்சை என்று பார்க்கும் டாக்டர் சான்று கொடுத்தால்தான் பரிசீலிப்பார்கள். அதனால் பழைய சீட்டு, ஸ்கேன், பிசியோதெரபி ரசீது எல்லாம் ஃபைலில் போட்டுவிட்டேன். கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் 2018-இல் மார்பகப் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு என்றே இலவச கிளினிக் தொடங்கினார்கள், அங்கேயும் போய்க் கேட்கலாம். எங்கே செய்தாலும் கத்தி பிடிப்பவர் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரியோ அதற்குச் சமமான படிப்போ படித்தவராக இருக்க வேண்டும். எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்புவார்களா என்றும் கேள், இந்த வயதிலும் அனுப்புவதுதான் முறை.

அப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "முழு மயக்கமா? எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். மூன்று மணி நேரம் போல ஆகும், பெரும்பாலும் ஒரு ராத்திரி தங்கினால் போதும் என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை. காலையில் வங்கிப் பாஸ்புக்கை எடுத்து மேசையில் வைத்திருந்தார்.

டிசம்பர் செமஸ்டர் லீவில் வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. மே மாதத்தில் நம் ஊர் வேர்வைக்குத் தையல் போட்ட இடம் காயாது. மார்கழி குளிருக்கு நன்றாக ஆறும். ஆறு வாரம் இறுக்கமான சப்போர்ட் பிரா ராத்திரியும் பகலும், பளு தூக்கக்கூடாது, குப்புறப் படுக்கக்கூடாது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாதாம், அதனால் தலை வாரிப் பின்னிவிட நான் இருக்கிறேன். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி நான்கு தைக்கச் சொல்லி டெய்லர் அக்காவிடம் துணி கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன், சனிக்கிழமை காலை எழும்பூர். நீ ஸ்டேஷனுக்கு அலைய வேண்டாம், ஹாஸ்டல் வாசலில் நில்லு. நோட்டு, ஃபைல் எல்லாம் என் பையில் இருக்கும். டாக்டர் அறைக்குள் நான் வரலாமா, வெளியே உட்காரவா என்று நீ சொல்வதுதான்.

உன்
அம்மா